“வெட்டு முடியத் தாறன்” என்பது திகதி இல்லை

கேள்வி: விசுவமடுப் பக்கம் சின்னதாக ஒரு கராச் வைத்திருக்கிறேன். லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்), ட்ராக்டர், தண்ணீர்ப் பம்ப் திருத்துவேன். கடன் கொப்பியில் நாலு இலட்சத்துக்கு மேல் நிற்கிறது. எல்லாம் தெரிந்த முகங்கள். “வெட்டு முடியத் தாறன்” என்பார்கள். நெல் வெட்டு முடியும், காசு வராது. இறுக்கிக் கேட்டால் வேறு கராச்சுக்குப் போய்விடுவார்களோ என்று பயம். என்ன செய்யலாம்?

பதில்: காலபோக வெட்டு நடக்கும் வயலில் ஒரு நாள் நின்று பாருங்கள். மெசின்காரர் ஏக்கர் கணக்குக்கு வரம்பிலேயே காசை வாங்கிக்கொண்டுதான் அடுத்த வயலுக்குள் இறங்குவார். ஈர நெல்லை நிறுத்து ஏற்றிய வியாபாரியின் காசு கைக்கு வந்ததும் பசளைக் கடை, மருந்துக் கடை, பிறகு அடகில் இருக்கும் நகை. கராச்சுக் கணக்கு அந்த வரிசையில் கிடையாது, ஏனென்றால் நீங்கள் நாள் குறித்துக் கேட்கவில்லை. தை, மாசியில் வந்த காசு சித்திரை வருடப்பிறப்போடு மெலிந்துவிடும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும்போது அடுத்த போகத்துக்கான செலவு தொடங்கியிருக்கும். பிறகு கேட்டு என்ன?

ஆகவே வேலையை எடுக்கும்போதே “அண்ணை, எப்ப வெட்டு? எந்த வியாபாரிக்குக் குடுக்கிறியள்?” என்று கேட்டு, அதிலிருந்து ஒரு வாரம் தள்ளி ஒரு திகதியை எழுதுங்கள். மழையால் வெட்டுப் பிந்தினால் திகதியையும் மாற்றுங்கள். அதையும் எழுத்தில் மாற்றுங்கள்.

அடுத்தது பாட்ஸ். உங்கள் கொப்பியில் நிற்கும் நாலு இலட்சத்தில் பாதிக்கு மேல் கூலி அல்ல, நீங்கள் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கைக்காசு கொடுத்து வாங்கிய ரிங் செட்டும் பெயரிங்கும் பெல்ட்டும்தான் என்று நினைக்கிறேன். கூலிக்குக் கடன் விடலாம், அது உங்கள் உழைப்பு. பாட்ஸுக்குக் கடன் விட்டால் மற்றவரின் வயலுக்கு நீங்கள் முதல் போடுகிறீர்கள். எஞ்சினைப் பிரித்துப் பார்த்ததும் என்ன போயிருக்கிறது, எவ்வளவு வரும் என்று சொல்லுங்கள். பாட்ஸ் காசு வந்த பிறகே சாமான் எடுக்கப் போங்கள். இதற்கு யாரும் கோபிக்கமாட்டார்கள். கோபிப்பவர் கூலியும் தரப்போவதில்லை.

கொப்பியை விட்டுவிட்டு, காபன் தாள் வைத்த பில் புத்தகம் ஒன்று வாங்குங்கள். இப்படி எழுதினால் போதும்: “லாண்ட்மாஸ்டர், ஹெட் கழற்றிப் பூட்டியது. கூலி 14,000. தந்தது 4,000. மிச்சம் 10,000, மாசி 20க்குள் தருவேன்.” கீழே அவருடைய கையெழுத்து. ஒரு பிரதி அவருக்கு. 2009 இடப்பெயர்வில் எங்கள் கடையின் கடன் கொப்பி போய்விட்டது. பிறகு இரண்டு பேர் தாங்களாகவே வந்து கணக்குச் சொல்லிக் காசு தந்தார்கள். அந்த இரண்டு பேரையும் இன்றும் நினைப்பேன், ஆனால் அவர்களை நம்பி வியாபாரத் திட்டம் போட முடியாது.

கேட்கும் முறையும் இருக்கிறது. செத்த வீட்டிலும் கோயிலிலும் சந்தையில் நாலு பேர் முன்னாலும் கேட்கக் கூடாது. திகதிக்கு இரண்டு நாள் முன்னர், பிந்திய பிறகு அல்ல, ஒரு வாட்ஸ்அப்: “அண்ணை, 20ஆம் திகதிக்கு வைச்ச 10,000. கடையடிக்கு வரேக்கை தாறியளோ, இல்லாட்டி பாங்கில போடுறியளோ?” தருவீர்களா என்று கேட்கவில்லை, எப்படித் தருவீர்கள் என்றுதான் கேட்கிறீர்கள். முழுதும் இல்லை என்றால் 3,000 வாங்கி அதே பில்லில் எழுதுங்கள்.

கமக்காரர் அமைப்பு, கொந்திராத்துக்காரர் வேலை என்றால் அவர்களின் முத்திரை குத்திய கடிதம் முதலில். தலைவர் மாறினால் “எனக்குத் தெரியாது” என்பார்கள்.

இனிப் பழைய நாலு இலட்சம். இதில் ஒரு சட்ட விஷயம் பலருக்குத் தெரியாது. கடன் காலாவதியாவது பற்றிய 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, விற்ற சாமானுக்கும் செய்த வேலைக்கும் வெறும் கடைக் கணக்காக நிற்கும் காசுக்கு, அது தரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். கையெழுத்திட்ட எழுத்து உடன்பாடு என்றால் ஆறு வருடம். ஒரு சின்னக் கையெழுத்தின் பெறுமதி அவ்வளவு.

மறுப்பவர்களை இணக்க சபைக்கு அழையுங்கள். இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசி இணக்கம் காண வைக்க, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சபைகள் இவை. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. சிறு தொகைக் கடன் வழக்குக்கு, இணங்கவில்லை என்ற அவர்களின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றமும் போக முடியாது. ஒப்புக்கொண்டது எழுத்தில் வரும் என்பதால் உறவும் அவ்வளவாக முறியாது.

இன்றிரவு கொப்பியை எடுத்துப் பெயர் வரிசையை விட்டுத் திகதி வரிசையில் எழுதுங்கள். பத்து மாதம் தாண்டியவர்கள் முதலில். அவர்களிடம் காசு கேட்டுப் போகாதீர்கள், புதிய திகதி போட்ட கையெழுத்து வாங்கப் போங்கள்.