ஆய்வுக்குக் கட்டிய சென்சாரை வைத்து மெமோ கொடுக்கலாமா?

ஓசூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "உதிரிபாகக் கிடங்கில் லோடிங் வேலை பார்க்கிறேன். முதுகுவலி பற்றிய ஆய்வு என்று ஒரு கல்லூரிக் குழு வந்து எங்கள் இடுப்பில் சென்சார் கட்டியது. கையெழுத்தும் வாங்கினார்கள். இப்போது அந்தப் பதிவைக் காட்டி, 'இருபது நிமிடம் சும்மா இருந்தாய்' என்று நிர்வாகம் மெமோ கொடுத்திருக்கிறது. இனிமேல் கட்ட மாட்டேன் என்று சொல்லலாமா?"

தாராளமாகச் சொல்லலாம். ஹெல்மெட்டும் ஷூவும் பாதுகாப்புக் கருவிகள், அவற்றை மறுக்க முடியாது. ஆய்வு சென்சார் அப்படி அல்ல. மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சம்மதம் தானாக வர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். மேலதிகாரி பக்கத்தில் நிற்க வாங்கிய கையெழுத்தை நான் முழுச் சம்மதமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் நீங்கள் கையெழுத்திட்ட தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. 'ஆய்வுக்கு மட்டும்', 'பெயர் வெளியிடப்படாது' என்று இருந்தால், பதிவு நிர்வாகத்தின் கைக்குப் போனதே தவறு. கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்குப் புகார் எழுதுங்கள்.

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேலை சார்ந்த நோக்கம்' என்றால் சம்மதம் கேட்காமலே தரவைப் பயன்படுத்தலாம் என்றொரு விலக்கு உண்டு. நிர்வாகம் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கலாம். முதுகுவலி ஆய்வு என்று சொல்லி வாங்கிய தரவுக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து. அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலாகும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

அப்புறம், மெமோவைக் கிடப்பில் போடாதீர்கள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். இடுப்பில் கட்டிய சென்சார் பதிவு செய்வது அசைவையும் குனியும் கோணத்தையும்தான். நீங்கள் அசையாமல் நின்றது சரக்கு அடுக்கும் பேலட் வராததாலா, லைன் நின்றதாலா என்று அதற்குத் தெரியாது. அன்றைய லைன் பதிவேட்டையும் சென்சாரின் முழுத் தரவையும் தரும்படி பதிலிலேயே கேளுங்கள். உள்விசாரணை நடந்தால் இவற்றைக் கொடுக்காமல் தண்டிப்பது, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல முறையான வாய்ப்புத் தர வேண்டும் என்ற இயற்கை நீதிக்கு விரோதம்.

இன்னொன்று. வேலையிடப் பாதுகாப்பு குறித்த தகவலைக் கேட்கும் உரிமையை 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 14-ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. எத்தனை கிலோவை எத்தனை முறை குனிந்து தூக்குகிறீர்கள், அது முதுகை என்ன செய்கிறது என்று ஆய்வில் தெரிந்ததைக் கேளுங்கள். சங்கம் இருந்தால் அதன் லெட்டர்பேடிலேயே கேட்பது நல்லது.