மேனேஜரிடம் எப்போது சொல்வது? உசிலம்பட்டித் தங்கச்சிக்கு ஒரு பதில்

தங்கச்சி,

விடுப்பில் மதுரை வந்து அனுப்பானடியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். உன் கேள்வியை இங்கேதான் படித்தேன். சரியாகப் புரிந்துகொண்டேனா பார். இங்கிலாந்தில் வேலை விசாவில் முதியோர் இல்லத்தில் சேர்ந்து ஐந்து மாதம். ஆறு மாத புரொபேஷனில் இன்னும் ஒரு மாதம் பாக்கி. இப்போது ஒன்பது வாரக் கர்ப்பம். மேனேஜரிடம் சொன்னால் புரொபேஷனைக் காரணம் காட்டி அனுப்பிவிடுவாரோ, ஸ்பான்சர் (உன் விசாவுக்குப் பொறுப்பேற்ற நிறுவனம்) போய், விசாவும் போய், போட்ட காசெல்லாம் கடனாக நிற்குமோ என்று பயப்படுகிறாய். உன் அம்மாவோ உசிலம்பட்டியில் இருந்துகொண்டு, "மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதே" என்கிறார்.

இந்த வாரமே சொல். வாயால் சொன்னாலும், அன்றே எழுத்திலும் அனுப்பிவிடு. நீ மேசை முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவளாக இருந்திருந்தால், 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் முதல் ஸ்கேன் முடியட்டும் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். ஆள் தூக்கும் வேலைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

உன் அம்மா சொல்வதை நான் குறைத்துப் பேச மாட்டேன். முதல் மூன்று மாதத்தில் கரு தங்காமல் போகும் வாய்ப்பு அதிகம். அப்படி ஆகிவிட்டால் தெருவுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டி வருமே என்ற பரிவில் வந்த வழக்கம் அது. சொந்தபந்தத்துக்கு அதை அப்படியே வைத்துக்கொள். ஆனால் மேனேஜர் சொந்தக்காரர் இல்லை. நீ கர்ப்பம் என்பது முதலாளிக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த ஊர்ச் சட்டம் உன் பக்கம் முழுதாக நிற்கும். தெரியாத ஒன்றுக்காக உன்னை நீக்கினேன் என்று அவர்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது, இல்லையா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன் பயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டப்படி, கர்ப்பத்தைக் காரணமாக வைத்து ஒருவரை நீக்கினால் அது தானாகவே நியாயமற்ற நீக்கம். இத்தனை ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்குக் கிடையாது. புரொபேஷனில் இருக்கிறவருக்கும், முதல் நாள் வேலைக்கு வந்தவருக்கும் பொருந்தும். 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் கர்ப்பத்தையும் மகப்பேற்றையும் பாதுகாக்கப்பட்ட நிலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மசக்கையால் நீ லீவு போட்டால் அதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும், உனக்கு எதிராக எண்ணக்கூடாது.

இப்போது நீ சொல்லாமல் இருப்பதாக வைத்துக்கொள். காலையில் வாந்தி, இரண்டு நாள் தாமதம், ஒரு நாள் லீவு. புரொபேஷன் கூட்டத்தில் "நேரத்துக்கு வருவதில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நீ கர்ப்பத்தைச் சொன்னால், வேலை போகக்கூடாதென்று இப்போது சொல்கிறாள் என்றுதான் படும். அதே தாமதத்துக்கு முன்னால் தேதியோடு ஒரு மெயில் இருந்தால் கதையே வேறு. சட்டம் இருப்பதால் எல்லா மேனேஜரும் நல்லவராகிவிட மாட்டார். வேறு காரணம் தேடுகிறவரும் உண்டு. உண்மையிலேயே வேலையில் வேறு குறை இருந்தால் அதற்காக நீக்கவும் முடியும். அதனால்தான் அந்தத் தேதி முக்கியம்.

அம்மா பயப்படுகிற அந்தக் காரியமே, கடவுள் காக்கட்டும், நடந்துவிட்டால்கூடச் சொல்லியிருப்பதுதான் நல்லது. கர்ப்பம் கலைந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஒன்றுமே தெரியாத இடத்தில் மறுநாள் போய் நின்று சிரித்து வேலை பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பார்.

விசா விஷயம். சம்பளமில்லாமல் நான்கு வாரத்துக்கு மேல் விடுப்பில் இருந்தால் ஸ்பான்சர் கைவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, அதைத்தான் யாரோ உனக்குச் சொல்லிப் பயமுறுத்தியிருக்க வேண்டும். மகப்பேறு விடுப்புக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. நீ குழந்தை பெறுவதால் ஸ்பான்சர்ஷிப் முறியாது.

அடுத்தது உன் உடம்பு. ஹோய்ஸ்ட் என்ற தூக்கும் கருவியை வைத்துத் தூக்கினாலும், பெரியவர்களைப் புரட்டுவது, நிமிர்த்துவது, விழப் போகிறவரைத் தாங்குவது எல்லாம் உன் இடுப்பில்தான் விழும். மறதி நோய் உள்ளவர்கள் என்னவென்று தெரியாமல் உதைப்பார்கள். அக்கி வந்த பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் முறை வரலாம். அக்கியிலிருந்து சின்னம்மை தொற்றலாம், அதனால் உனக்குச் சின்னம்மை வந்ததே இல்லை என்றால் அதை மிட்வைஃபிடம் (பேறுகாலச் செவிலி) முதலிலேயே சொல்ல வேண்டும். புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை உடைந்தோ பொடிந்தோ இருந்தால் கர்ப்பிணி அதைத் தொடவே கூடாது. மாத்திரை டிராலி தள்ளுகிற உனக்கு இதையெல்லாம் யாராவது சொன்னார்களா? நீ எழுத்தில் சொன்ன பிறகுதான் உனக்கென்று தனியாக ஆபத்து மதிப்பீடு செய்யும் கடமை அவர்கள்மேல் வருகிறது. ஆபத்தை நீக்க முடியாவிட்டால் வேலையையோ நேரத்தையோ மாற்ற வேண்டும், பொருத்தமான வேறு வேலை தர வேண்டும். அதுவும் முடியாவிட்டால் முழுச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும். இரவு ஷிஃப்ட் உடம்புக்கு ஆகாது என்று மிட்வைஃபோ டாக்டரோ சான்று கொடுத்தால் அதற்கும் இதே ஏற்பாடுதான்.

உன் பயம் எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். இங்கே மதுரையில் தனியார் ஆஸ்பத்திரியிலும் ஜவுளிக்கடையிலும் வயிறு தெரிய ஆரம்பித்ததும் தானாகவே நின்றுவிடுகிற பெண்களைப் பார்த்துத்தானே நாம் இரண்டு பேரும் வளர்ந்தோம். நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டிலேயே மகப்பேறு நலச் சட்டம் வந்தது, 2017-இல் அதைத் திருத்தி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு என்று ஆக்கினார்கள். கடையில் நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு தனியாகச் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. ஆனால் அதைக் கேட்கத் தைரியம் வந்தவர் குறைவு. அங்கே போயும் நாம் கேட்காமல் இருந்தால் எனக்கு வயிறெரியும்.

மெயிலில் என்ன எழுதுவது? கர்ப்பமாக இருக்கிறேன், பிரசவம் சுமாராக இந்த மாதம், எனக்கான ஆபத்து மதிப்பீடு செய்யுங்கள், என் அனுமதி இல்லாமல் மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம். நான்கே வரி. மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்காதே. உன் சொந்த மெயில் முகவரிக்கும் ஒரு பிரதி அனுப்பிவை. மேனேஜருக்கு முன்னால் கூட வேலை பார்க்கிற யாரிடமும் சொல்லாதே, நம் ஊர்க்காரராக இருந்தாலும். சமையலறையில் ஒருவரிடம் சொன்னது மாலைக்குள் மேனேஜர் காதுக்குப் போய்விடும். சொல்லும்போது அவர் முகம் ஒரு நொடி மாறினால் பதறாதே, அந்த நேரத்தில் பெரும்பாலும் அவர் மனதில் ஓடுவது அடுத்த மாத ரோட்டா, அதாவது யாருக்கு எப்போது ஷிஃப்ட் என்ற அட்டவணைதான்.

மகப்பேறு விடுப்புக்கான முறையான நோட்டீஸ் வேறு. பிரசவ வாரத்துக்கு முந்தைய 15-ஆவது வாரம் முடிவதற்குள், அதாவது சுமார் 25 வாரத்துக்குள், பிரசவம் எப்போது, விடுப்பு எப்போது தொடங்கும் என்று தெரிவிக்க வேண்டும். இருபது வாரத்துக்குப் பிறகு மிட்வைஃப் தருகிற, பிரசவத் தேதியைக் காட்டும் மேட் பி ஒன் (MATB1) சான்றை அதோடு கொடுத்துவிடலாம். விடுப்பு மொத்தம் 52 வாரம். பணம் 39 வாரத்துக்கு: முதல் ஆறு வாரம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம், மீதி 33 வாரம் நிலையான தொகை, 2025-26-இல் வாரத்துக்கு 187.18 பவுண்டு (90 சதவீதம் அதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான்). இந்தப் பணம் கிடைக்க, மேலே சொன்ன அந்த 15-ஆவது வாரத்துக்குள் அதே இடத்தில் தொடர்ந்து 26 வாரம் வேலை பார்த்திருக்க வேண்டும்; கரு தரிப்பதற்கு முன்பே வேலையில் சேர்ந்துவிட்டாய் என்பதால் அந்தக் கணக்கு உனக்குச் சரியாக வரும். ஏதாவது காரணத்தால் வராவிட்டால் அரசு தரும் மெட்டர்னிட்டி அலவன்ஸ் இருக்கிறது. விசாவில் தடைசெய்திருக்கும் அரசு உதவிப் பட்டியலில் அது இல்லை. சைல்டு பெனிஃபிட் (பிள்ளைக்கென்று அரசு தரும் தொகை) அந்தப் பட்டியலில் இருக்கிறது, அதற்கு மட்டும் விண்ணப்பம் போட்டுவிடாதே.

பரிசோதனைக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது. உன் வீட்டுக்காரரும் இரண்டு பரிசோதனைக்கு உன்னோடு வர விடுப்புக் கேட்கலாம், ஆனால் அவருக்கு அது சம்பளமில்லாத நேரம்.

உன் அம்மா முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்று நிற்கிறார். நேற்று போனில் முக்கால் மணி நேரம் அதே பேச்சு. ஆசை புரிகிறது, ஆனால் யோசித்துச் செய். 28 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலான விமான நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றவே மாட்டார்கள். குழந்தை இங்கே பிறந்தால் விசா இல்லாமல் அங்கே கூட்டிப்போக முடியாது, அந்த விசா கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பின்னால் நிரந்தர வசிப்புக் கேட்கும்போது, எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக்கூடாது என்ற கணக்கும் இருக்கிறது. அதைவிட அம்மாவை விசிட்டர் விசாவில் வரவழை, ஆறு மாதம் வரை இருக்கலாம். வளைகாப்பை அங்கேயே நாங்கள் நாலு பேர் சேர்ந்து போடுகிறோம். பிரசவ மருந்துச் சாமான் என்னென்ன வேண்டும் என்று உன் அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன், திரும்பும்போது வாங்கி வருகிறேன்.

மிட்வைஃபிடம் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் நாளைக்கே செய், முதல் சந்திப்பு பத்து வாரத்துக்குள் நடப்பது நல்லது. அங்கே மருந்துச் சீட்டுக்கும் பல் வைத்தியத்துக்கும் காசில்லாமல் இருக்கத் தருகிற மகப்பேறு விலக்குச் சான்றையும் கேட்டு வாங்கு. மேனேஜர் புரொபேஷனை நீட்டிக்கிறேன் என்றோ, நீயே ராஜினாமா கொடு என்றோ பேசினால் அங்கேயே எதற்கும் சரி சொல்லாதே. வேலை உரிமை பற்றி ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண் 0300 123 1100, இலவச ஆலோசனை. யூனியனில் சேர்ந்திருந்தால் அவர்களுக்கும் சொல். ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படம் எடுத்து எனக்கு அனுப்பு, இரண்டு பேரும் சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.