அந்த ரிப்போர்ட்டை மறைக்காதீர்கள், தம்பி

தம்பி, வாடகை, குளிர்கோட்டு, துவரம்பருப்பு எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல முனிச்சில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், வந்து இறங்கிய பிறகு கேட்டால்கூடப் போதும். கடைசியில் ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, இரண்டாம் வகுப்புப் பையன் எழுத்தைத் திருப்பிப் போடுகிறான், புனே டாக்டர் டிஸ்லெக்சியா (எழுதப் படிக்கத் தடுமாறும் குறைபாடு) என்று எழுதிக் கொடுத்துவிட்டார், அப்படி ஒரு பையனைப் பற்றிய 'தாரே ஜமீன் பர்' இந்திப் படத்தைப் பார்த்து வீடே அழுதது, ஜெர்மனியில் அந்த மார்க் தொல்லை இருக்காதுதானே, ரிப்போர்ட்டைப் பள்ளியில் காட்டாமல் விட்டால் என்ன என்று. அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதற்கு மட்டும் சொல்கிறேன்.

தொல்லை இங்கேயும் உண்டு. முனிச் இருக்கிற பவேரியா மாநிலத்தில் தொடக்கப்பள்ளி 4 வருடம்தான். நாலாம் வகுப்பில் மே மாதத் தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள். ஜெர்மன், கணக்கு, சமூகமும் அறிவியலும் கலந்த ஒரு பாடம், இந்த மூன்றின் சராசரி 2.33-க்குள் இருந்தால் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகும் கிம்னாசியும், 2.66-க்குள் இருந்தால் நடுத்தரப் பள்ளியான ரியால்ஷூலே, இல்லையென்றால் தொழில் பக்கம் கொண்டுபோகும் மிட்டல்ஷூலே (இங்கே 1தான் உசந்த மார்க், 6 கடைசி). பிறகு மாற வழி இருக்கிறது, ஆனாலும் பத்து வயதில் பிரித்துவிடுகிறார்கள். உங்கள் பையன் புது மொழியையும் கற்றுக்கொண்டு, இரண்டு வருடத்தில் அங்கே போய் நிற்க வேண்டும். ரிப்போர்ட்டை முதல் வாரமே காட்டினால் பள்ளி உளவியலாளர் தானும் ஒருமுறை பார்ப்பார். அப்புறம் பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு. நீங்கள் எழுதிக் கேட்டால் எழுத்துப்பிழைக்கு மார்க் போடாமலும் விடுவார்கள், சான்றிதழில் ஒரு குறிப்பு மட்டும் வரும். இதெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும்.

நாங்கள் 2006-இல் வந்தோம், மகனுக்கு அப்போது 7 வயது. பெற்றோர் கூட்டத்தில் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பாதி புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் 'லெகாஸ்தெனி' என்று மூன்று தடவை சொன்னார், டிஸ்லெக்சியாவுக்கு ஜெர்மனில் அதுதான் பெயர். வீட்டுக்கு வந்து அகராதியில் பார்த்தேன், பார்த்துவிட்டு என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. தினமும் ராத்திரி அவனை உட்கார வைத்து 'பி'யையும் 'டி'யையும் எழுத வைப்பேன், தப்பை ரப்பரால் அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிவிடும். ஒன்றரை வருடம் இப்படி.

அந்தப் படத்தின் டிவிடி கைக்கு வந்தது அதற்கப்புறம்தான். படத்தில் வரும் பையன் இஷான் எழுத்தெல்லாம் ஆடுகிறது என்று சொன்னதும் என் மகன் திரும்பி, "அவனுக்கும் ஆடுதாம்மா?" என்றான். அவனுடைய வாத்தியார் நிகும்ப் சார் இஷானின் அப்பாவிடம் சாலமன் தீவு மரக்கதை சொல்வாரே, மரத்தை வெட்ட மாட்டார்கள், சுற்றி நின்று திட்டியே பட்டுப்போக வைப்பார்கள் என்று, அந்த இடத்தில் என் கணவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். குளிரில் அரைமணி நேரம் உள்ளே வரவில்லை. மறுநாள் இருவருமாக டீச்சரைப் பார்க்கப் போனோம். அதன் பிறகு நான் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன், அடுத்த வருடமே கூட்டத்தில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டேன்.

நம் ஆட்களிடம் இந்த விஷயத்தில் யோசனை கேட்காதீர்கள். தீபாவளிக்குக் கூடினால் முதல் கேள்வியே "உங்க பையன் கிம்னாசியுமா?" என்பதுதான். மிட்டல்ஷூலே என்று சொல்லக் கூச்சப்பட்டு, பையனை ஊரில் ஹாஸ்டலில் கொண்டுபோய்த் தள்ளிய குடும்பம் எனக்குத் தெரியும். படத்தில் இஷானுக்கு அவன் வீட்டார் செய்ததேதான். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. என் மகன் ரியால்ஷூலேயில்தான் படித்தான், இப்போது மரவேலை செய்கிறான், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அவன் செய்தது.

ரிப்போர்ட்டின் அசலைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். நாங்கள் வந்தபோது ஒரு பெட்டி மூன்று நாள் கழித்துத்தான் வந்தது, அவன் நோட்டெல்லாம் அதில்தான் இருந்தது.