முந்திரிகைக்கு டொலமைற்றா, தேசிப்புளியா?

கேள்வி: யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இரண்டு பரப்பில் (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்) முந்திரிகை, அதாவது திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறேன். இந்த முறை கொப்பு வெட்டின பிறகு வந்த தளிர் எல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. யூரியா போட்டும் மாறவில்லை. வெலிமடையில் உருளைக்கிழங்கு செய்கிற மச்சான், "மண் புளிச்சுப் போச்சு, டொலமைற் போடு" என்றதால் இரண்டு மூடை வாங்கிவிட்டேன். சாதாரண தரம் படிக்கிற மகள், "எங்கட மண்ணே சுண்ணாம்பு அப்பா, அமிலம்தான் ஊற்ற வேணும்" என்று மறிக்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது, ஐயா?

பதில்: தம்பி, மூடையைப் பிரிக்காதீர்கள்.

மச்சான் சொன்னது அவருடைய மண்ணுக்குச் சரி. மலைநாட்டு மழை மண்ணிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் காலங்காலமாகக் கழுவிக்கொண்டு போய்விட்டது. அங்கே மண் புளிப்பு. டொலமைற் என்பது கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்று. அது அந்தப் புளிப்பை முறிக்கும். உங்கள் தோட்டத்துக்கு அடியில் கிடப்பதோ சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீரும் அதற்குள்ளிருந்துதான் ஊறுகிறது.

நம்பிக்கை இல்லையென்றால் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்புப் படை பிடித்திருக்கும். அதைக் கொஞ்சம் சுரண்டி ஒரு கோப்பையில் போட்டு, தேசிக்காயைப் பிழிந்து விடுங்கள். சுரு சுரு என்று நுரைக்கும். நுரையில் வருவது காபனீரொட்சைட்டு. மிஞ்சுவது உப்பும் நீரும். மகள் படிக்கிற நடுநிலையாக்கம் இதுதான். நீங்கள் இறைக்கிற ஒவ்வொரு முறையும் இந்தப் படைக்கான சரக்கு மண்ணுக்குள் போகிறது.

இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. தழைச்சத்துக் குறை என்றால் முதலில் முதிர்ந்த இலைதான் வெளுக்கும். யூரியா தருவது தழைச்சத்து மட்டும், அது கேட்காததற்குக் காரணம் இதுதான். வேடிக்கை என்னவென்றால், நம் செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்தது. ஆனால் சுண்ணாம்பு மிஞ்சிய மண்ணில் அந்த இரும்பு கரையாது. பூட்டின பெட்டிக்குள் இருக்கிற காசு மாதிரி. டொலமைற் போட்டிருந்தால் இன்னொரு பூட்டும் போட்டிருப்பீர்கள்.

அப்படியென்றால் மகள் வென்றாளா? பாதி. ஒரு பரப்பு நிலத்தில் அரை அடி ஆழத்துக்குச் சுமார் 50 தொன் மண் இருக்கிறது. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்று வைத்தாலும் 500 கிலோ. அதை முழுதாக முறிக்க, மண்ணுக்குள் அமிலமாக மாறுகிற கந்தகம் 160 கிலோ வேண்டும். அவ்வளவையும் போட்டு முடித்தாலும் கிணறு திரும்பவும் சுண்ணாம்பைக் கொண்டுவந்து ஊற்றும். நிலம் முழுவதையும் மாற்றப் போகாதீர்கள். வேருக்குப் பக்கத்திலும் தெளிக்கிற தண்ணீரிலும் மட்டும் மாற்றினால் போதும்.

முதலில் தெளிப்பான். 16 லீற்றர் தண்ணீரில் 15 கிராம் சித்திரிக்கமிலத்தைக் கரையுங்கள். தேசிக்காய் என்றால் பத்துக் காயாவது பிழிய வேண்டும், இப்போதைய விலைக்குச் சரிவராது. பிழிந்தாலும் துணியில் வடித்து விடுங்கள், இல்லாவிட்டால் சக்கை போய் நுனியை அடைக்கும். அமிலம் கரைந்த பிறகுதான் 50 கிராம் இரும்புச் சல்பேற்று. இந்த ஒழுங்கு மாறக் கூடாது. வெறும் கிணற்றுத் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் துருப்பிடித்த தகரத்தைக் கழுவின நிறத்துக்கு வந்துவிடும். அதைத் தெளித்துப் பயனில்லை. இளம்பச்சையாய்த் தெளிந்து நின்றால் சரி. வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். முதல் நாள் ஒரே ஒரு கொடிக்கு மட்டும். மூன்று நாளில் இலை கருகாவிட்டால் மற்றதுக்கும் அடித்து, பத்து நாள் விட்டு இன்னொரு முறை.

அப்புறம் வேர்ப்பக்கம். கொடிக்கு ஒரு பக்கமாக ஒரு சாண் ஆழத்தில் கிடங்கு வெட்டி, மக்கின மாட்டெருவோடு 100 கிராம் கந்தகத்தூளைக் கலந்து மூடிவிடுங்கள். கந்தகம் உடனே வேலை செய்யாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சல்பூரிக்கமிலமாக மாற்ற வாரக்கணக்காகும். ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. தேங்கினால் மஞ்சள் கூடும். யூரியாவுக்குப் பதிலாக அமோனியம் சல்பேற்றுப் போடலாம். அது நைத்திரேற்றாக மாறும்போது வேரடியில் அமிலம் விடும்.

பற்றரி அசிட்டை வாய்க்காலில் ஊற்றலாமா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். அதில் ஈயம் கலந்திருக்கும், கையையும் கண்ணையும் பறிக்கும்.

ஏற்கெனவே வெளுத்த இலை முழுதாகப் பச்சையாகாது. அதைப் பார்த்து மனம் தளராமல், புதிதாக விடுகிற தளிரைப் பாருங்கள். டொலமைற் மூடைகளை நனையாமல் வைத்து, மச்சான் வரும்போது ஏற்றி அனுப்பிவிடுங்கள்.