மக்கள்தொகை குறைந்தால் ஒரு நாட்டுக்கு லாபமா, நட்டமா? வெளியிலிருந்து குடியேறுபவர்கள் உள்ளூர்க்காரர்களின் வேலையைப் பறிக்கிறார்களா?

தலை குறைந்தால் பங்கு கூடும், ஆகவே லாபம்தான் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். விளைந்ததைப் பத்துப் பேர் பங்கு போடுவதற்குப் பதில் ஐந்து பேர் பங்கு போட்டால் ஆளுக்கு இரட்டிப்பு கிடைக்குமே என்று ஒரு கணக்கு. விளைவித்ததும் அதே பத்துப் பேர்தான் என்பது உறைக்கக் கொஞ்ச காலம் ஆனது. இப்போது யாராவது ஒரு நாட்டின் மக்கள்தொகையைச் சொன்னால், எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு அவர்களுக்கு என்ன வயது என்றுதான் முதலில் பார்க்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் வழி அங்கேதான் இருக்கிறது.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்கள், நூறு பெண்கள், ஆக 200 பேர். தென்கொரியாவில் ஒரு பெண் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி 2023இல் 0.72 ஆக இருந்தது. அதே கணக்கில் போனால் இந்த நூறு பெண்களுக்கு 72 பிள்ளைகள். அதில் பாதி, அதாவது 36 பேர், பெண்கள் என்று வைத்தால் அவர்களுக்கு 26 பிள்ளைகள். 200, 72, 26. பாட்டி தாத்தாவில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த 26 பேர் தலையெடுக்கும்போது அவர்கள் தோளில் எத்தனை பேர் என்று பாருங்கள். மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்க சராசரி சுமார் 2.1 வேண்டும்.

இது தாளில் போட்ட கணக்கு. நிஜத்தில் எப்படியிருக்கும் என்றால் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே 2008 வாக்கில் உச்சம் தொட்ட மக்கள்தொகை அதன்பின் இறங்குமுகம்தான். 2024இல் பிறந்த குழந்தைகள் 7 லட்சத்துக்கும் கீழே. அதே ஆண்டு ஓஜி ஹோல்டிங்ஸ் என்ற காகித நிறுவனம், உள்நாட்டுச் சந்தைக்குக் குழந்தைகளின் டயாப்பர் செய்வதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கான டயாப்பரில் கவனம் செலுத்தப்போவதாக அறிவித்தது. பத்துப் பக்க அறிக்கை சொல்லாததை அந்த ஒரு செய்தி எனக்குச் சொன்னது. 2023 கணக்கெடுப்பில் ஆளில்லாத வீடுகள் சுமார் 90 லட்சம். வீடு சும்மா கிடந்தால் கிடக்கட்டும் என்று விடலாம். தண்ணீர்க் குழாயை அப்படி விட முடியாது. பத்து கிலோமீட்டர்க் குழாயை ஆயிரம் வீட்டுக்காகப் போட்டாலும் முந்நூறு வீட்டுக்காகப் பராமரித்தாலும் நீளம் அதேதான். ஆள் குறையும் வேகத்தில் செலவு குறையாது. 'தலை குறைந்தால் பங்கு கூடும்' என்ற கணக்கு உடைவது இந்த இடத்தில்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிறப்பு குறையத் தொடங்கிய முதல் முப்பது நாற்பது வருடங்களுக்கு எல்லாம் நன்றாகவே தெரியும். வீட்டில் பிள்ளைகள் குறைவு, முதியவர்களும் இன்னும் பெருகவில்லை, உழைக்கிற வயதில்தான் கூட்டம். கிழக்கு ஆசிய நாடுகள் மளமளவென்று வளர்ந்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு. (வேலை இருந்தால்தான் இந்த லாபம். வேலையில்லாத இளைஞர் கூட்டம் வேறு கதை.) சீனாவில் 1990களின் தொடக்கத்திலேயே சராசரி 2.1க்குக் கீழே போய்விட்டது. ஆனால் தலைக்கணக்கு குறையத் தொடங்கியது 2022இல்தான். இடையில் முப்பது வருடம். ஏற்கனவே பிறந்த பெரிய தலைமுறை ஒன்று பிள்ளை பெறும் வயதைக் கடக்கும்வரை எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருக்கும். பிரச்சினை கண்ணுக்குத் தெரியும்போது அதன் காரணத்துக்கு வயது முப்பது ஆகியிருக்கும்.

சரி, குடியேற்றத்துக்கு வருவோம். உழைக்கும் வயதினர் குறைவாக உள்ள இடத்துக்கு அவர்கள் அதிகமாக உள்ள இடத்திலிருந்து ஆள் வருவது இயல்பு. வந்தால் கூலி இறங்குமா? 1980இல் கியூபாவின் மாரியல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களுக்குள் சுமார் 1,25,000 பேர் படகேறி அமெரிக்கா வந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மயாமியில் தங்க, அந்த நகரின் தொழிலாளர் எண்ணிக்கை 7 சதவீதம் எகிறியது. டேவிட் கார்ட் என்ற பொருளாதார அறிஞர் 1990இல் இதை ஆராய்ந்து, உள்ளூர்த் தொழிலாளர்களின் கூலியிலோ வேலைவாய்ப்பிலோ சொல்லும்படி அடி விழவில்லை என்றார். (2021இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்.) ஜார்ஜ் போர்ஹாஸ் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் பின்னால் அதே தரவை வேறு விதமாக அலசி, பள்ளிப்படிப்பை முடிக்காத ஆண்களின் கூலி நன்றாகவே இறங்கியது என்றார். சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்குக் கார்ட் பக்கம்தான் சாய்வு. வந்தவர்கள் வேலை மட்டும் செய்வதில்லை, வாடகை கொடுக்கிறார்கள், சாமான் வாங்குகிறார்கள், முடி வெட்டிக்கொள்கிறார்கள். அதிலும் வேலை பிறக்கிறது.

தலைகீழான சோதனையும் ஒன்று உண்டு. எனக்கு அதுதான் இன்னும் பிடித்தது. அமெரிக்கப் பண்ணைகளுக்கு மெக்சிகோவிலிருந்து பருவகாலத் தொழிலாளர்களை வரவழைத்த பிராசெரோ திட்டம் 1942இல் தொடங்கி 1964 கடைசியில் நின்றது. உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி ஏறும் என்பது நிறுத்தியவர்களின் எதிர்பார்ப்பு. ஏறவில்லை. கலிபோர்னியாவில் முதலாளிகள் தக்காளி பறிக்க இயந்திரம் வாங்கினார்கள். சாதாரணத் தக்காளி இயந்திரத்தில் அகப்பட்டால் நசுங்கிக் கூழாகிவிடும். அதனால் கெட்டியான, செடி முழுக்க ஒரே சமயத்தில் பழுக்கிற ரகம் ஒன்றை அங்குள்ள பல்கலைக்கழகத்தில் முன்பே உருவாக்கி வைத்திருந்தார்கள். இயந்திரத்துக்கு ஏற்றபடி தக்காளியை மாற்றினார்கள்! 1960களின் முடிவுக்குள் தொழிற்சாலைக்குப் போகும் தக்காளி ஏறக்குறைய முழுவதும் இயந்திர அறுவடைக்கு மாறிவிட்டது. இயந்திரம் கைகொடுக்காத பயிர்கள் சிலவற்றில் விளைச்சலே குறைந்தது. ஆள் போனதும் அந்த வேலை அங்கேயே காத்திருக்கும் என்று நினைப்பதுதான் தப்பு.

அனுப்புகிற பக்கத்தைப் பேசாவிட்டால் பாதிக்கதைதான் சொன்னதாகும். நேபாளத்தில் வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் உற்பத்தியில் கால்பங்கு அளவுக்கு வருகிறது. அந்தப் பணம் அமைச்சகம் வழியாகச் சுற்றாமல் நேரே அம்மா கைக்குப் போகிறது, அதில் பெரிய நன்மை உண்டு. ஆனால் போகிறவர்கள் வயதானவர்கள் அல்ல. பல்கேரியாவில் 1980களின் கடைசியில் 90 லட்சத்தைத் தொடவிருந்த மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம். பிறப்பு குறைந்ததும் இளையவர்கள் கிளம்பியதும் சேர்ந்து செய்த வேலை அது. பிலிப்பைன்ஸில் 2000களில் டாக்டர்களே மறுபடி நர்சிங் படித்தார்கள், நர்ஸாகப் போனால் வெளிநாட்டு விசா சுலபம் என்பதால். ஒரு நாடு செலவழித்து டாக்டராக்கிய ஆள் இன்னொரு நாட்டில் நர்ஸ்.

வரவேற்கும் நாடுகளிடம் எனக்கு ஒரு குறை உண்டு. உழைக்கும் கை வேண்டும், கையோடு ஒட்டிய ஆள் வேண்டாம் என்பது கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. மேற்கு ஜெர்மனி 1961இல் துருக்கியுடன் ஒப்பந்தம் போட்டபோது, ஒருவர் இரண்டு வருடம் உழைப்பார், பிறகு ஊர் திரும்புவார், அடுத்தவர் வருவார் என்பது திட்டம். முதலில் முரண்டு பிடித்தது முதலாளிகள்தான். வேலை பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவருக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுக்க யாருக்குப் பொறுமை? 1964இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஆளெடுப்பை நிறுத்தினார்கள். அதுவரை ஊருக்குப் போனால் மறுபடி வரலாம் என்றிருந்தவர்கள், இனி போனால் வர முடியாது என்று தெரிந்ததும் போகாமல் தங்கிவிட்டார்கள். மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் எண்ணிக்கை குறைந்தது, வெளிநாட்டவர் மொத்த எண்ணிக்கை 1980க்குள் முன்னைவிடக் கூடிவிட்டது. கதவைச் சாத்தியதால் உள்ளே தங்கியவர்கள் அவர்கள். 1961இல் இருபது வயதில் வந்தவர்களுக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது.