பாப்பா கேட்ட பிளாஸ்மா படிப்பு

அண்ணா, போன வாரம் கிருஷ்ணகிரி கல்வி வழிகாட்டி முகாமில் உங்கள் மகள் பாப்பாவின் படிப்பைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம்தான் கிடைத்தது. “காத்துல இருக்கிற கிருமிய பிளாஸ்மாவுல கொல்றதப் படிக்கணுங்கிறா. ரத்தத்துல இருக்குமே, அதுங்களா?” என்றீர்கள்.

அது இல்லை. வாயுவில் மின்சாரம் பாய்ந்து, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து திரியும் நிலைக்கும் அதே பெயர். 1928-ல் லாங்மியர் என்ற அமெரிக்க விஞ்ஞானி வைத்தது. வெல்டிங் பட்டறையில் பளீரென்று எரிவது பிளாஸ்மாதான், கிட்டே போக முடியாது. சோக் வைத்த பழைய டியூப்லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். அதில் எலக்ட்ரான்களின் வெப்பநிலை 10,000 டிகிரி அளவுக்குப் போகும். ஆனால் எரியும் குழாயைத் தொட்டால் வெதுவெதுப்புதான். எலக்ட்ரான் கொதிக்கிறது, வாயு கொதிப்பதில்லை. பாப்பா கேட்பது இந்தக் குளிர்ந்த வகை.

காற்றிலுள்ள கிருமியைக் கொல்லும் கருவியில் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடியைத் தடுப்பாக வைத்து ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுப்பார்கள். தடுப்பு இருப்பதால் வெல்டிங் மாதிரி மொத்தமாகப் பாயாமல், மயிரிழை போல ஏராளமான பொறிகள் தெறிக்கும். அதில் பிறக்கும் ஆக்சிஜன் அணுவும் ஓசோனும் பாக்டீரியாவின் மேலுறையை அரித்துவிடும். வடிகட்டி கிருமியைப் பிடித்து வைக்கும், இது கொல்லும். 2019-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆபத்தில்லாத ஒரு வைரஸைக் காற்றில் கலந்து, கண்ணாடி மணிகள் நிரப்பிய இப்படியொரு கருவி வழியாக அனுப்பினார்கள். ஒரு நொடிகூட ஆகவில்லை, 99.9 சதவீதம் ஒழிந்தது.

சிக்கல் ஓசோனில். ஜெராக்ஸ் மெஷின் ஓடும்போது ஒரு வாடை வருமே, அதுதான். நுரையீரலுக்கு ஆகாது, அதை அறைக்குள் விடாமல் அடக்குவதில்தான் பாதி வேலை இருக்கிறது. கடையில் ‘பிளாஸ்மா’ என்று ஒட்டி விற்கிற ஏர் பியூரிஃபையரை எல்லாம் நம்பிவிடாதீர்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். ஓசூரில் ஓர் இடத்தில் ‘பிளாஸ்மா டிப்ளமோ’வுக்கு 80,000 ரூபாய் கேட்டார்கள் என்றீர்களே, வேண்டாம். பிளஸ் டூ முடித்ததும் சேர இப்படி ஒரு தனிப் படிப்பு தேவையே இல்லை. இது மூன்று வாசல் உள்ள வீடு. பொறி எப்படிப் பிறக்கிறது என்பது பிடித்தால் பி.எஸ்சி. இயற்பியல், கிருஷ்ணகிரி, தருமபுரி அரசுக் கல்லூரிகளே போதும். எம்.எஸ்சி. முடித்து ஜெஸ்ட் (JEST) என்ற நுழைவுத் தேர்வு எழுதினால், குஜராத்தின் காந்திநகரில் அணுசக்தித் துறையின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் பிஎச்.டி.க்கு முயலலாம். உயர் வோல்ட்டேஜ் கருவி செய்ய ஆசை என்றால் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் டிரிபிள்-ஈ, அதாவது மின், மின்னணுப் பொறியியல். செத்த கிருமி எத்தனை, பிழைத்தது எத்தனை என்று தட்டில் வளர்த்து எண்ணுகிற பொறுமை இருந்தால் நுண்ணுயிரியல்.

என் மனசுக்குப் பட்டது டிரிபிள்-ஈ. பிளாஸ்மாவை மட்டும் நம்பினால் வேலைகள் குறைவு. மின்சாரம் தெரிந்தவளுக்கு ஓசூரிலேயே வேலை கிடைக்கும், ஆராய்ச்சிக் கதவும் மூடாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

சனிக்கிழமை மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். பாப்பாவையும் உள்ளே கூட்டி வாருங்கள் அண்ணா. போன தடவை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டீர்கள்.