விழ வேண்டிய தூண்கள்

அன்புள்ள ஐயா,

என் மகன் வான்கூவரில் வேலை பார்க்கிறான். சென்ற கோடையில் இரண்டு மாதம் அவனோடு இருந்தேன். அங்குள்ள பல்கலைக்கழக மானுடவியல் அருங்காட்சியகத்தில் கனடாவின் மேற்குக் கரைப் பழங்குடிகளான ஹைடா மக்களின் பெரிய மரத்தூண்களைப் பார்த்தேன். ஊருக்கு வந்து அவர்களைப் பற்றித் தேடியபோது ஒரு புகைப்படம் கண்ணில் பட்டது. ஆளில்லாத ஒரு கடலோர ஊர். சாய்ந்தும் வெடித்தும் பாசி படர்ந்தும் நிற்கும் தூண்கள். யுனெஸ்கோ அறிவித்த உலகப் பாரம்பரியச் சின்னமாம். ஆனால் அவற்றை அப்படியே உளுத்து விழ விட்டுவிடுவார்களாம். மனசு கேட்கவில்லை. கூரை போட்டு, மருந்து பூசிக் காப்பாற்றக் கூடாதா? அழிந்துபோன ஓர் இனத்தின் கடைசிச் சுவடுகள் அல்லவா அவை?

க., திருச்சி

அன்புள்ள க.,

அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நானும் இதையேதான் கேட்டேன். அந்தத் தூண்கள் எதற்காக நடப்பட்டன என்று படித்த பிறகு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

நீங்கள் பார்த்தது ஸ்காங் குவாய் என்ற ஊர். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில், பசிபிக் அலை நேராக வந்து மோதும் ஒரு சின்னத் தீவு. 1981இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே நிற்பவற்றில் பெரும்பாலானவை ஈமத்தூண்கள். இறந்துபோன தலைவரை ஒரு மரப்பெட்டியில் வைத்து, தூணின் உச்சியில் குடைந்த குழிக்குள் அந்தப் பெட்டியை இறக்கி, முன்பக்கத்தைச் செதுக்கிய பலகையால் மூடிவிடுவார்கள். பெட்டி கொள்ளும் அளவுக்கு உச்சி அகலமாக இருக்க வேண்டும். அதனால் மரத்தைத் தலைகீழாக நடுவார்கள். அடிமரத்தின் பருத்த பாகம் மேலே இருக்கும்.

அந்தப் பெட்டியைப் பற்றியே தனியாக எழுதலாம். நான்கு பக்கமும் ஒரே சிடார் பலகை. மூன்று இடத்தில் குறுக்கே காடி வெட்டி, ஆவியில் பதமாக்கி, அந்த இடங்களில் மடக்குவார்கள். நான்காவது மூலையை மட்டும் மர ஆணி வைத்தோ நார் கொண்டு தைத்தோ இணைப்பார்கள். தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாது. உணவைச் சேமித்ததும் உடுப்பை வைத்ததும் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான். பெட்டியில் நீர் ஊற்றி, நெருப்பில் சுட்ட கற்களை அதற்குள் போட்டுச் சமைக்கவும் செய்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கூடவே இருந்த பெட்டிக்குள்ளேயே மனிதர் கடைசியில் போய் அமர்ந்தார்.

தூண் உளுத்து விழும்போது அவர் மண்ணுக்குத் திரும்புகிறார். அந்த மழைக்காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தின் முதுகில்தான் பல இளங்கன்றுகள் வேர் பிடிக்கின்றன. ஆகவே விழுவதும் அந்தத் தூணின் வேலைதான். சாய்ந்தவற்றில் சிலவற்றை நிமிர்த்தியிருக்கிறார்கள், மேலே முளைக்கும் செடிகளை அகற்றுகிறார்கள். அதற்கு மேல் அவற்றின் ஆயுளை நீட்டிக்க வேண்டியதில்லை என்று சொல்பவர்கள் அந்தத் தலைவர்களின் வாரிசுகளே. சொல்லும் உரிமை அவர்களுக்குத்தானே உண்டு?

இப்படிச் சொல்வதால் 1957இல் அங்கே போன குழுவை நான் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். பதினொரு தூண்களை அவர்கள் இறக்கி எடுத்துவந்தார்கள். அந்தக் குழுவில் இருந்தவர் பில் ரீட், ஹைடா தாய்க்குப் பிறந்த சிற்பி. நீங்கள் போன அருங்காட்சியகத்தில் ஒரு சிப்பியின் மேல் பெரிய அண்டங்காக்கை அமர்ந்திருக்க, சிப்பிக்குள்ளிருந்து குட்டி மனிதர்கள் எட்டிப் பார்க்கும் மஞ்சள் சிடார் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். 1980இல் அவர் முடித்தது. முதல் மனிதர்கள் வந்த கதை அது. பழைய தூண்களைக் கூர்ந்து பார்த்துத்தான் அவர் தன் கலையைக் கற்றார். அப்படிக் கற்க வருகிறவனுக்காகச் சில தூண்கள் பிழைத்திருக்க வேண்டும். எல்லாத் தூணும் பிழைத்திருக்க வேண்டும் என்பதில்லை.

சரி, இனி "அழிந்துபோன இனம்" என்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். நீங்கள் அறியாமல் எழுதியதுதான். ஆனால் நூறு வருடத்துக்கு மேலாக அவர்களைப் பற்றி வெளியார் சொல்லிவரும் சொல் அது. அதை விட்டுவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அழிவின் விளிம்பு வரை போனது உண்மை. 1862 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த ஒரு கப்பல் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள விக்டோரியா நகரில் பெரியம்மையை இறக்கியது. வியாபாரத்துக்கும் வேலைக்கும் வந்து நகரின் ஓரத்தில் தங்கியிருந்த வடக்கத்திப் பழங்குடிகளை அதிகாரிகள் துரத்தினார்கள். நோயோடு படகேறியவர்கள் கரை நெடுகிலும் அதைக் கொண்டுபோனார்கள். தடுத்துவைத்து மருத்துவம் பார்த்திருந்தால் இத்தனை ஊர்கள் செத்திருக்காது என்ற கோபம் எனக்கு இன்றும் உண்டு. பத்தாயிரத்துக்கும் மேல் இருந்ததாக மதிப்பிடப்படும் மக்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுநூறு பேர் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். பிழைத்தவர்கள் சொந்த ஊர்களை விட்டு ஓல்ட் மாசெட், ஸ்கிடிகேட் என்ற இரண்டு ஊர்களில் வந்து சேர்ந்தார்கள். ஸ்காங் குவாய் ஆளில்லாமல் போன கதை இதுதான்.

அப்புறம் வந்தது சட்டம். ஹைடா மக்கள் அண்டங்காக்கை, கழுகு என்ற இரண்டு கிளைகளாகப் பிரிந்தவர்கள். ஒரு கிளைக்காரர் மறு கிளையில்தான் மணமுடிக்க வேண்டும். குழந்தை தாயின் கிளையைச் சேரும். தலைவர் பதவி தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும். நாஞ்சில் நாட்டில் மருமக்கள்தாயம் என்பார்களே, ஏறக்குறைய அது. ஒருவர் இறந்தால் ஈமக் காரியங்களைச் செய்வது எதிர்க்கிளையினர். பிறகு இறந்தவரின் குடும்பம் பெரிய விருந்து வைத்து, அவர்களுக்கும் வந்தவர்களுக்கும் பொருளை அள்ளிக் கொடுக்கும். பாட்லாட்ச் என்பது இந்த விருந்துதான். வாங்கிக்கொண்டவர் அத்தனை பேரும் சாட்சிகள். இந்தப் பெயர் இவருக்கு, இந்தக் குலச்சின்னத்தைச் செதுக்கும் உரிமை இந்தக் குடும்பத்துக்கு என்பதை அவர்கள் பார்த்தார்கள், நினைவில் வைத்துக்கொண்டார்கள். எழுத்தில்லாத சமூகத்தில் பத்திரப்பதிவு அது. 1885 முதல் 1951 வரை கனடா அரசு இதைக் குற்றமாக்கி வைத்திருந்தது. விருந்து இல்லையென்றால் தூண் எழுப்பவும் வழியில்லை. எழுப்பினாலும் அதற்குச் சாட்சி யார்?

அதனால்தான் 1969 எனக்கு முக்கியமான வருடம். ராபர்ட் டேவிட்சன் என்ற 22 வயது இளைஞர், பெரும் சிற்பி சார்லஸ் ஈடன்ஷாவின் கொள்ளுப்பேரன், ஓல்ட் மாசெட்டில் ஒரு தூணைச் செதுக்கி நிறுத்தினார். அந்த ஊரில் ஏறக்குறைய தொண்ணூறு வருடத்துக்குப் பிறகு எழுந்த முதல் தூண். எப்படி நிமிர்த்துவது, என்ன பாடுவது, எப்படி ஆடுவது என்பதையெல்லாம் முதியவர்கள் நினைவிலிருந்து திரட்ட வேண்டியிருந்தது. தூண் முக்கியம்தான். அதைவிட அந்த ஞாபகங்கள் மேலே வந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1985இல் தெற்கே லயல் தீவில் மரம் வெட்டும் கம்பெனிகளை மறித்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். முதலில் கைதாக முன்வந்தவர்கள் முதியவர்கள். குலச்சின்னம் தைத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு போனார்கள். மொத்தம் 72 பேர் கைதானார்கள். அந்தக் காடு பிழைத்தது. 1993 முதல் குவாய் ஹானாஸ் என்ற பெயரில் ஹைடா மக்களும் கனடா அரசும் சேர்ந்து அதை நிர்வகிக்கிறார்கள்.

ஈமத்தூண்களைப் பற்றிக் கேட்ட உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கல்லறைகளிலிருந்து எலும்புகளை ஆராய்ச்சிக்கென்று எடுத்துப்போய் அருங்காட்சியகப் பெட்டிகளில் எண் போட்டு வைத்திருந்தார்கள். ஹைடா மக்கள் வருடக்கணக்கில் கடிதம் எழுதி, நேரில் போய்ப் பேசி, நானூறுக்கும் மேற்பட்ட மூதாதையரை வீட்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். 2003இல் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்திலிருந்து மட்டும் சுமார் 160 பேர். அவர்களைக் கிடத்த அதே மடக்குப் பெட்டிகளைச் செய்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அந்த வேலையில் கைகொடுத்தார்கள். இதை முதலில் படித்தபோது என்னால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

குயின் சார்லட் தீவுகள் என்று ஓர் ஆங்கிலக் கப்பலின் பெயரைச் சுமந்த இடம் 2010இல் அதிகாரப்பூர்வமாக ஹைடா குவாய் ஆனது. அந்தப் பழைய பெயரையும் ஒரு மடக்குப் பெட்டியில் வைத்து அரசிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில், அந்தத் தீவுகள் முழுவதும் ஹைடா மக்களின் பூர்வீக உரிமைக்கு உட்பட்டவை என்று பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கவலைக்குரியது மொழிதான். சரளமாகப் பேசுகிறவர்கள் மிகச் சிலர், அவர்களும் முதியவர்கள். ஸ்கிடிகேட்டில் 1998 முதல் அந்த முதியவர்களே தினமும் கூடி உட்கார்ந்து சொற்களைப் பதிவு செய்து வருகிறார்கள்.

2013இல் லயல் தீவிலேயே 42 அடித் தூண் ஒன்றை நிறுத்தினார்கள். அந்தத் தென்பகுதியில் 130 வருடங்களுக்குப் பிறகு எழுந்த முதல் தூண். அதன் நடுவில் கைகோத்து நிற்கும் ஐந்து பேரைக் காணலாம். சாலையை மறித்தவர்கள் அவர்கள். முந்தைய வருடம் தீவுகளை உலுக்கிய நிலநடுக்கமும் அதில் இருக்கிறது, பூமியை அசைக்கும் தெய்வத்தின் உருவில்.

அடுத்த முறை மகனிடம் போகும்போது முடிந்தால் ஸ்காங் குவாய்க்கும் போய்வாருங்கள். கோடையில் ஹைடா காவலர்கள் அங்கேயே தங்கியிருப்பார்கள். ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேரைத்தான் கரையேற விடுவார்கள். நடக்க வேண்டிய பாதையின் ஓரத்தில் வெள்ளைச் சிப்பிகளை வரிசையாக வைத்திருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது. உங்கள் கேள்வியை அந்தக் காவலரிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.